மின்பாவனை வரைபும் அதன் அளவிடையும்

மாதந்தோறும் வரும் மின்கட்டணப் பட்டியலைக் கண்டு பெருமூச்சு விடுவோர் பலர். அதிலுள்ள அலகுகளைக் குறித்து வைப்போர் சிலர். அவற்றை வரைபாக்கிப் பார்ப்போர் மிகச் சிலரே. இன்று கணினியும் கைத்தொலைபேசியும் அவ்வரைபைக் கணப்பொழுதில் வரைந்து தந்துவிடுகின்றன. ஆயின் அவை அச்சுக்களில் இடும் அளவிடையை அப்படியே நம்பிவிடுதல் தகாது.

காலத்தைக் கிடையச்சிலும் பணத்தை நிலைக்குத்தச்சிலும் வைத்து, இங்கிலாந்தின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்து 1786ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டவர் வில்லியம் பிளேபெயர். எண்களின் நிரலில் எளிதிற் புலப்படாத ஏற்றவிறக்கம் கோட்டிலே உடனே புலப்படும். அந்த வசதிதான் ஆபத்துமாகும்.

ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். முதற் பட்டியலில் 88 அலகு. அடுத்ததில் 94 அலகு. கணினியோ நிலைக்குத்தச்சைப் பூச்சியத்தில் தொடங்காமல் 85இல் தொடங்கி 95இல் முடித்துவிட்டது. முதலாவது சலாகை 3 பங்கு உயரம்; இரண்டாவது 9 பங்கு. செலவு மும்மடங்காகிவிட்டதென்று தந்தையார் திடுக்கிடுகிறார். பரீட்சைக்காக இரவில் விழித்திருந்து படிக்கும் மகள்மீது பழி விழுகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்படி கட்டளை பிறக்கிறது.

அவளுடைய விளக்கு 10 வாற்று. நாளுக்கு 3 மணித்தியாலமாக 30 நாள் எரிந்தாலும் 900 வாற்று மணித்தியாலமே. ஓரலகு என்பது 1000 வாற்று மணித்தியாலம். விளக்கு அதனைக்கூட எட்டவில்லை. அதுமட்டுமன்று. முதற் பட்டியல் 30 நாட்களுக்குரியது. மற்றையது 33 நாட்களுக்குரியது. நாட்சராசரி முன்னர் 2.93 அலகு, பின்னர் 2.85 அலகு. செலவு உண்மையிற் சற்றுக் குறைந்திருக்கிறது! பாவம், அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

சலாகை வரைபாயின் நிலைக்குத்தச்சு பூச்சியத்திலிருந்தே எழவேண்டும். ஏனெனில் அங்கே கண் அளப்பது சலாகையின் முழு உயரத்தையே. கோட்டு வரைபு வேறோர் எண்ணில் தொடங்கலாம். ஆனால் அவ்வெண் பளிச்செனத் தெரியவேண்டும். 17, 34, 51 என்று குறியிட்டால் இடையிலுள்ளதை யார் கணித்துக்கொண்டிருப்பார்? இலங்கை வீடுகளுக்கு 30, 60, 90 என்ற குறிகள் மிகப் பொருந்தும். அண்மைக்கால வீட்டு மின்கட்டணப் படிகளும் மாதத்துக்கு 30, 60, 90, 120, 180 அலகுகளையே எல்லையாகக் கொண்டவை. சென்ற ஆண்டின் வரைபையும் இவ்வாண்டின் வரைபையும் அருகருகே வைப்பதானால் இரண்டுக்கும் ஒரே அளவிடை வேண்டும். அச்சின் ஓரத்தில் ‘அலகு’ என்றோ ‘ரூபாய்’ என்றோ எழுதிவிடுவதும் அவசியம்; கட்டணவீதம் மாறிய மாதத்தில் இவையிரண்டும் வெவ்வேறு கதை சொல்லும். கிடையச்சில் மாதப் பெயருக்குப் பதிலாக மானி வாசித்த திகதியை எழுதினால், 33 நாட் பட்டியல் வரும்போது வீட்டார் அதனை உடனே கண்டுகொள்வர்.