எந்த ஷிப்ட்ல இருக்கீங்க?

உங்க வீட்டுல யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா, அவங்க மருந்துச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மாத்திரைப் பேருக்குப் பக்கத்துல 1-0-1ன்னு எழுதியிருக்கும். காலையில ஒண்ணு, மதியம் இல்லை, ராத்திரி ஒண்ணு. டாக்டருங்க கை தானா எழுதுற எண் அது. நான் வேலை பார்க்கிற மண்ணூர்ல பாதிப் பேருக்கு அந்த எண் பொருந்தாது. ஏன்னா அவங்களுக்குக் காலைங்கிறது வாரத்துக்கு வாரம் மாறும்.

மண்ணூர் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருக்கு. 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்ததுல இருந்து இந்தப் பக்கம் முழுக்க மாறிடுச்சு. 2006ல நோக்கியா வந்து, 2014ல மூடிட்டுப் போச்சு. இப்போ ஒரகடம் வரைக்கும் கார், லாரி, புல்லட், டயர், செல்போன் எல்லாம் இங்கதான் தயாராகுது. பெரும்பாலான இடத்துல மூணு ஷிப்ட். காலை ஆறுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து பத்து, பத்துல இருந்து மறுநாள் காலை ஆறு. இந்த வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அப்புறம் சி. உடம்பு ஒரு ஷிப்டுக்குப் பழகுறதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும்.

நான் குடும்ப மருத்துவர். எம்பிபிஎஸ் முடிச்சு, அப்புறம் ஃபேமிலி மெடிசின்ல மூணு வருஷம் டிஎன்பி. போன வருஷம்தான் முடிச்சேன். சொன்னதும் எல்லாரும் கேக்குறது, "எதுல ஸ்பெஷலிஸ்ட்?" குழந்தைக்குக் காய்ச்சல், பாட்டிக்கு மூட்டு வலி, இளைஞருக்குச் சர்க்கரை, எல்லாமே பார்ப்பேன்னு சொன்னா, "ஓ, ஜெனரலா?"ன்னு குரல் கொஞ்சம் இறங்கும். பழகிடுச்சு.

வாரத்துல ரெண்டு நாள் என் கிளினிக்குக்கு மருத்துவ மாணவர்கள் வர்றாங்க. இறுதி ஆண்டு மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும். பெரிய ஆஸ்பத்திரியில எல்லா வசதியும் இருக்கும்போது, ரெண்டு ரூம் கிளினிக்ல என்ன கத்துக்க முடியும்னு நீங்க கேக்கலாம். 1961ல கெர் வொயிட்னு ஒருத்தரும் அவரோட சகாக்களும் ஒரு கணக்குப் போட்டாங்க. ஆயிரம் பெரியவங்களை எடுத்துக்கிட்டா, ஒரு மாசத்துல 750 பேருக்கு ஏதோ ஒரு உடம்பு சரியில்லாம போகும். அதுல 250 பேர் டாக்டரைப் பார்ப்பாங்க. 9 பேர் ஆஸ்பத்திரியில சேருவாங்க. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போறது ஒரே ஒருத்தர். அது அமெரிக்க, பிரிட்டன் கணக்கு, நம்ம ஊர் எண்கள் வேற மாதிரி இருக்கலாம். ஆனா நம்ம மாணவர்களும் அந்த ஒருத்தரைச் சுத்தி நின்னுதான் ஐந்தரை வருஷம் மருத்துவம் கத்துக்கிறாங்க. மத்த 249 பேர் என்னை மாதிரி ஆளுங்க கிட்டதான் வர்றாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்திட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற ஒரு அண்ணன், நாற்பது வயசு இருக்கும். தூக்கத்துல சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குதுன்னு வந்தார். கூடவே கெட்ட கனவு. எடையும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அன்னைக்கு இருந்த மாணவி என்கிட்ட வந்து சொன்னாங்க: "ராத்திரி வேர்வை, எடை குறைவு. டிபி இருக்குமோன்னு பார்க்கணும் மேடம்." சரியான யோசனைதான். நம்ம நாட்டுல அதை யோசிக்காம விடக்கூடாது. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "ராத்திரி வேர்வைன்னு அவர் சொன்னாரா, நீ எழுதினியா?"

மாணவி திரும்பிப் போய்க் கேட்டாங்க. "அண்ணே, எத்தனை மணிக்கு வேர்க்குது?" "மதியம் ஒரு மணி, ஒண்ணரை இருக்கும்மா." "இப்போ எந்த ஷிப்ட்ல இருக்கீங்க?" "சி."

அதுக்கப்புறம் எல்லாம் வரிசையா வந்துது. அவருக்குச் சர்க்கரை இருக்கு. வேற ஒரு இடத்துல கிளிமிபிரைட் எழுதிக் கொடுத்திருக்காங்க, 1-0-0. காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த மாத்திரை, நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இவர் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிச்சு, பஸ் பிடிச்சு ரூமுக்கு வர ஏழரை ஆகும். சீட்டுல இருக்கிற மாதிரியே மாத்திரையைப் போட்டுட்டு, ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், அப்படியே படுத்துடுவார். மதியம் ரத்தத்துல சர்க்கரை இறங்குது. வேர்வை, படபடப்பு, கெட்ட கனவு. சர்க்கரை இறங்கும்போது வர்ற அறிகுறிகள்தான் எல்லாமே. ரூம்ல இருக்கிற தம்பிகிட்ட சொல்லி, அந்த நேரத்துல எழுப்பி விரல்ல குத்திப் பார்க்கச் சொன்னோம். 54. எழுபதுக்குக் கீழ போனாலே கவனிக்கணும். சளிப் பரிசோதனைக்கும் அனுப்பினோம், அதுல ஒண்ணும் இல்லை.

யோசிச்சுப் பாருங்க, அவர் ஒழுங்கான நோயாளி. சொன்ன மாத்திரையை, சொன்ன நேரத்துல, ஒரு நாள் விடாம சாப்பிட்டவர். அப்படிச் சாப்பிட்டதாலதான் ஆபத்து. அதே சர்க்கரை ஃபோர்க்லிஃப்ட் மேல இருக்கும்போது இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த மாணவி கேட்டாங்க. நான் பதில் சொல்லல. அவருக்கு மாத்திரையை மாத்தி, "எழுந்ததும் சாப்பிடுற முதல் பெரிய சாப்பாட்டோட"ன்னு எழுதிக் கொடுத்தோம்.

இத்தாலியில ரமஸ்ஸினின்னு ஒரு மருத்துவர், 1700லயே, நோயாளிகிட்ட "நீ என்ன தொழில் செய்யுற?"ன்னு கேளுங்கன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். அந்தக் கேள்வியோட எங்க ஊர் வடிவம்தான் இது.

சரி, இதுல ஒரு சங்கடமும் இருக்கு. கத்துக்கொடுக்கிறதுக்கு நேரம் ஆகும். மாணவர் ஒருத்தர் நோயாளியைப் பார்த்து, என்கிட்ட சொல்லி, நான் மறுபடி பார்த்து முடிக்க, நான் தனியாப் பார்க்கிறதை விட ரெண்டு மடங்கு நேரம். வெளிய உட்கார்ந்திருக்கிறவங்க யாரு? ஷிப்ட் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்குன்னு வந்தவங்க. பஸ்ஸை விட்டா சிலருக்கு அன்னைக்குக் கூலி போச்சு. என் மாணவரோட படிப்புக்கு அவங்க ஏன் விலை கொடுக்கணும்? இதுக்கு என்கிட்ட முழுசா ஒரு தீர்வு இல்லை. ஷிப்டுக்குப் போறவங்களை நானே நேராப் பார்த்துடுவேன். ஷிப்ட் முடிச்சு வர்றவங்க, வீட்டுல இருக்கிறவங்க, இவங்ககிட்டதான் "ஒரு மாணவர் முதல்ல பேசலாமா?"ன்னு கேப்பேன். வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேக்கிறதில்லை. மாணவர் முன்னாடி கேக்கிறதும் இல்லை. வெள்ளைக் கோட்டு ரெண்டு நின்னா யாரால வேண்டாம்னு சொல்ல முடியும்?

இன்னொரு விதி: நோயாளி முன்னாடி பாடம் நடத்துறது தமிழ்லதான். ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ்ல பார்த்திருப்பீங்க, படுத்திருக்கிறவர் தலைக்கு மேல இங்கிலீஷ் பறக்கும். அவருக்கு எதுவும் புரியாது, ஆனா பயம் மட்டும் வரும். தமிழ்ல பேசினா மாணவர் சொல்றதை நோயாளியே நடுவுல திருத்துவாங்க. "இல்லம்மா, அந்த வலி வலப்பக்கம்"னு. ஒடிசா, பீகார்ல இருந்து வந்த தம்பிகளுக்கு என் அரைகுறை இந்திதான்.

கத்துக்கொடுக்க நான் பயன்படுத்துற முறையும் குடும்ப மருத்துவர்கள் கண்டுபிடிச்சதுதான். 1992ல அமெரிக்காவுல எழுதினாங்க. முதல்ல "உனக்கு என்னன்னு தோணுது?"ன்னு கேக்கணும், அடுத்து "ஏன்?" அதுக்கப்புறம்தான் நாம வாயைத் திறக்கணும். கேக்க சுலபமா இருக்கு. பதில் தெரிஞ்சும் வாயை மூடிட்டு நிக்கிறது இருக்கே, மூணு வருஷப் படிப்புல அதை யாரும் சொல்லித் தரல.

ஹாஸ்டல் பொண்ணுங்க விஷயம். சிறுநீர்த் தொற்றுன்னு மூணாவது தடவையா ஒரு பொண்ணு வந்தா, மாணவர் உடனே "கல்ச்சர் அனுப்பலாம்"னு சொல்வார். அனுப்பலாம், அனுப்பவும் வேணும். ஆனா லைன்ல நிக்கும்போது டாய்லெட் போக யார்கிட்ட கேக்கணும், அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம இருக்காளான்னு கேக்காம ஆன்டிபயாட்டிக் எழுதினா, நாலாவது தடவையும் வருவா. இதைக் கேக்கிறதுல ஆண் மாணவர்களுக்கு முதல்ல கூச்சம். ஒரு மாசத்துல போயிடுது.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். நல்ல திட்டம். ஆனா எங்க பக்கம் பகல்ல கதவைத் தட்டினா, ஆள் வேலையில இருப்பார் இல்ல தூக்கத்துல இருப்பார். 2024ல தொழிலாளர்களைத் தேடின்னு வேலையிடத்துக்கும் அதைக் கொண்டுபோனாங்க. மாணவர்களுக்கு இதையும் சொல்றேன். கூடவே இஎஸ்ஐயும். மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது உண்டு. தகுதி இருந்தா, உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்துல 70 சதவீதம், 91 நாள் வரைக்கும் கிடைக்கும். சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சும், அது எதுக்குன்னு தெரியாதவங்க நிறைய. லீவு போட்டா கூலி போயிடும்னு காய்ச்சலோட வேலைக்குப் போறவருக்கு, பாராசிட்டமாலை விட இந்தத் தகவல்தான் மருந்து.

மாணவர்கள் கடைசியில கேக்கிறது எப்பவும் ஒண்ணுதான்: "மேடம், இதுல வருமானம்?" பொய் சொல்ல மாட்டேன். ரேடியாலஜி எடுத்த என் கிளாஸ்மேட்டை விடக் குறைவு. மாணவர்கள் வர்ற நாள்ல இன்னும் குறைவு. வேல்ஸ்ல ஜூலியன் ட்யூடர் ஹார்ட்னு ஒருத்தர், நிலக்கரிச் சுரங்க ஊர் ஒண்ணுல குடும்ப மருத்துவரா இருந்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் குறைவா கிடைக்குதுன்னு 1971ல எழுதினவர். கிராமத்துல இருந்துக்கிட்டே ஆராய்ச்சியும் பண்ணினார். அதைச் சொன்னா ஒரு பையன், "அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துச்சு மேடம்"னான். நியாயம்தான். நம்ம ஊர்ல இதுக்கு யார் கொடுப்பாங்கங்கிறது நிஜமான கேள்வி.

இப்போ அந்த மாணவியும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து புது மருந்துச் சீட்டு ஒண்ணு வரைஞ்சிருக்காங்க. காலை, மதியம், இரவு கிடையாது. எழுந்ததும், வேலைக்குக் கிளம்பும்போது, வேலை நடுவுல சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது. நாலு கட்டம். பக்கத்து மருந்துக் கடை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல காலை எது மேடம்?"னு கேட்டார். தமிழ்ல அச்சடிச்சாச்சு, இந்தியும் தயார். ஒடியாவுல எழுத எங்க நோயாளி ஒருத்தர் ஒத்துக்கிட்டிருக்கார். இந்த வாரம் அவருக்கு பி ஷிப்ட். முடிஞ்சதும் வந்து எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கார்.