கப்பல் பாட்டும் கரி பூசிய முகமும்



கேலிக்கு எல்லை உண்டா என்பது இன்றைய தலைப்பு. ஒரு பழைய நாடகத்தை வைத்துப் பேசுகிறேன்.

1878ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்ற நகைச்சுவை இசைநாடகம் மேடையேறியது. எழுத்து கில்பர்ட், இசை சலிவன். பினஃபோர் என்றால் வேறொன்றுமில்லை. நம் பள்ளி மாணவிகள் வெள்ளைச் சட்டைக்கு மேல் போடுகிறார்களே, அதுதான். போர்க்கப்பலுக்கு அந்தப் பெயர்! அதில் வரும் கடற்படை அமைச்சர் கடலுக்கே போகாதவர். வக்கீல் அலுவலகத்தில் கதவுப் பிடியைத் துடைத்துத் துடைத்து மேலே வந்தவர். அப்போது உண்மையிலேயே அந்தப் பதவியில் இருந்தவர் புத்தக வியாபாரி டபிள்யூ. எச். ஸ்மித். ரசிகர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அமெரிக்காவில் அனுமதியே வாங்காமல் சுமார் 150 குழுக்கள் அதைப் போட்டன. வெளிநாட்டவர் படைப்புக்கு அன்று அங்கே காப்புரிமை கிடையாது. ஆஸ்திரேலியக் காலனிகளுக்கான உரிமையை ஜே. சி. வில்லியம்சன் 300 பவுனுக்கு வாங்கி, 1879 நவம்பரில் சிட்னியில் அரங்கேற்றினார். அதற்கு முன்பே கெல்லி, லியோன் என்ற இருவரின் மின்ஸ்ட்ரல் குழு அங்கே பினஃபோரை நடத்திவிட்டது. கப்பல் தலைவரின் மகளாக வந்தவர் லியோன் என்ற ஆண். நம் பழைய நாடகங்களின் ஸ்திரீபார்ட் மாதிரிதான். அனுமதியில்லாமல் நடத்தியவர்கள்மீது வில்லியம்சன் நீதிமன்றம் போனார்.

மின்ஸ்ட்ரல் ஆட்டம் என்ன தெரியுமா? வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையைக் கருக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் கேலி செய்வார்கள். புகழ்பெற்ற ஓபராக்களை நையாண்டியாக மாற்றுவதும் இவர்களுக்கு வாடிக்கை.

கில்பர்ட் கேலி செய்தது அமைச்சரை. அந்தப் பாட்டுக்கு உரிமையாளர் இருந்தார், வக்கீல் இருந்தார், வழக்கும் நடந்தது. கரி பூசிக் காட்டிய அந்த முகத்துக்காக வழக்குப் போட எந்தச் சட்டத்தில் இடம் இருந்தது?

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி நம் நாட்டில் ஒரு விளம்பரம் வந்தது. கறுப்புச் சாயம் பூசிய பெண், பிறகு வெளுத்து அழகியாகிறாள். கண்டனம் எழுந்ததும் அதை மீட்டுக்கொண்டார்கள். ஆனால், நம் தமிழ் நகைச்சுவைத் துணுக்குகளில் நாமே மை பூசிச் சிரிக்கும்போது யாரும் கண்டித்ததாக நினைவில்லை.

இப்போதெல்லாம் அப்படி ஒரு துணுக்கு என் கைக்கு வந்தால் எழுதியவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: "மையை எடுத்துவிட்டால் இதில் சிரிக்க என்ன மிச்சம், தம்பி?" சிலர் அன்றிரவே மாற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள். சிலர் வருவதில்லை.