இடரைக் கணித்தல்: மட்டக்களப்பு மாவட்டத்தை முன்வைத்து
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இயற்கையால் நேரக்கூடிய கேடுகள் யாவை என்று வினவினால், பெரியோர் உடனே விடை கூறுவர். 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி, 2004 டிசெம்பர் 26 இல் வந்த கடல்கோள், 2011 சனவரி வெள்ளம். பெயர் சொல்லுதல் எளிது. எந்த ஊருக்கு எது, அங்கே எவருக்கு எவ்வளவு என்று கணித்தலே அரிது. அதுபற்றியே நாம் இன்று சில சொல்ல விழைகின்றோம்.

ஆபத்து வேறு, இடர் வேறு. ஆளில்லாக் காட்டில் வீசும் புயலும் ஆபத்துத்தான். ஆயினும் அங்கே இடர் இல்லை. பாதையில் யார் இருக்கிறார், எத்தகைய வீட்டில் இருக்கிறார், தப்பிச் செல்ல அவருக்கு வழியுண்டா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்த பின்னரே இடரின் அளவு புலப்படும்.

நாவலடியை நோக்குவோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, இடையே ஒடுங்கிய மணல்நிலம். 2004 இல் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்ததற்கும் அலை நமது கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. இருந்தும் செய்தி வரவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. இன்று உண்டு. ஆனால், செய்தி கிடைத்தபின் நாவலடியார் எவ்வழியே வெளியேறுவர்? எத்தனை நிமிடத்தில்? கைக்குழந்தையோடு நடப்பவருக்கு எவ்வளவு நேரம் செல்லும்? அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்து முகாம்களில் நடந்த ஆய்வொன்று, ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக மாண்டனர் எனக் காட்டிற்று. ஆதலால் குடித்தொகையை மட்டும் எண்ணினால் போதாது.

இன்னுமொரு சிக்கல் உண்டு. கடல் பொங்கினால் மேற்கே படுவான்கரைப் பக்கம் போகச் சொல்கிறோம். மாரியிலோ, உன்னிச்சைக் குளம் வான் பாய்ந்து, முந்தனையாறும் பெருகினால், படுவான்கரையின் தெருக்களே நீருள் மறைகின்றன. அந்நீர் வாவியில் சேர்ந்து கடலுக்கு வடியவேண்டும்; ஆற்றுவாய் அடைபட்டிருந்தால் வடியாது. சூறாவளிக்கோ கிழக்கும் மேற்கும் ஒன்றே; உறுதியான கூரைதான் வேண்டும். புயலுக்கு நல்ல புகலிடமாகிய பாடசாலை, வெள்ளத்தில் தானே தீவாகிவிடலாம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே படத்தில் சிவப்பு மை பூசி வைப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. புயல் என்ற பெயரும் ஏமாற்றும்: 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில், காற்றைவிட மண்சரிவும் வெள்ளமுமே இலங்கையில் மிகுந்த உயிர்களைக் கொண்டுபோயின.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லையும் தெளிதல் நன்று. ஒருமுறை வந்தால் இனி நூறாண்டுக்கு வராது என்பது அதன் பொருளன்று. ஒவ்வோராண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டு நிற்கும் வீட்டுக்கு அவ்வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது. சென்ற வருடம் வந்துபோயிற்றே என்று சொல்லி அடுத்த வருடம் தாழ்நிலத்தில் அத்திவாரம் போடுவோர் இக்கணக்கைப் பார்க்கவேண்டும்.

2005 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று; மாவட்டந்தோறும் அதற்கு அலுவலர் உளர். எனினும், எந்த ஒழுங்கையில் இடுப்பளவு நீர் நின்றது என்பதை அந்த ஒழுங்கையில் வாழ்ந்தவரே அறிவர். அதை எழுதி வைக்கலாம். 1957 இலும் 2011 இலும் கோயில் மதிலில், கிணற்றுக்கட்டில் நீர் எதுவரை ஏறிற்று என்று பெரியோர் காட்ட, இளைஞர் அளவுநாடாவால் அளந்து குறிக்கலாம். ஆண்டுகள் நினைவில் மாறிப்போவதுண்டு. ஆதலின் ஒரே இடத்தை மூவரிடம் தனித்தனியே கேட்கவேண்டும். வீட்டில் நடந்த பிறப்பு, கலியாணம் முதலியவற்றோடு ஒப்பிட்டால் வருடம் சரியாக அமையும்.

கூடவே, தனியே வாழும் முதியோர், நடக்கவியலாதோர், தோணியின்றி வெளியேற முடியாத வீடுகள் ஆகியவற்றின் பட்டியலும் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் இவற்றைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்து, மற்றொன்றைச் சங்கத்தில் வைத்திருத்தல் தகும். எழுத முன்வருவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுப்பாராக.