கல்லைத் தொடும் உரிமை



எங்கள் ஊர் ஏரிக்கரையில், புளியமரத்தடியில் ஒரு கல் இருந்தது. கையில் வில்லோடு நிற்கும் ஒரு வீரன். மேலே தேய்ந்துபோன எழுத்துகள். நாங்கள் அதை வேடியப்பன் என்போம். என் ஆயா மஞ்சள் நீரால் கல்லைக் கழுவி, பொட்டு வைத்து, சேவல் அறுத்துப் பொங்கல் வைப்பார். ஊர்த்தெருக்காரர்கள் வேறொரு நாளில் வருவார்கள். தீண்டாமை அப்போதும் இருந்தது. ஆனால் கல்லுக்கும் ஆயாவின் கைக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை.

அது நடுகல். ஆநிரை மீட்கும் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல். கல்லைத் தேடுவது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் இருப்பது தமிழி எழுத்து; ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லிவிட்டு, நடுகல்லைத்தான் வழிபடும் கடவுளாகக் காட்டுகிறார். அங்கே நெல் தூவிக் கும்பிடுகிறார்கள். இடையில் தரகர் இல்லை.

செங்கம் அருகே எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்துச் செத்தவனுக்கான கல். அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயும் அதில் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கல்லில் பெயரும் இடமும் கொடுத்த மண் இது.

எங்கள் ஊரில் என்ன நடந்தது? சில ஆண்டுகளுக்கு முன் கல்லைச் சுற்றிக் கோயில் கட்டினார்கள். எங்கள் தெருவில் மட்டும் வரி வாங்கவில்லை. வரி வாங்கினால் உரிமையும் கொடுக்க வேண்டுமே! வெளியூரிலிருந்து ஐயர் வந்தார், ஓமம் வளர்த்தார், குடமுழுக்கு நடந்தது. வேடியப்பனுக்குப் புராணப் பெயர் சூட்டினார்கள். சேவல் அறுப்பது தீட்டு என்றார்கள். எழுத்தின்மேல் பெயிண்ட் அடித்தார்கள். கிரில் கேட்டுக்குப் பூட்டு வந்தது. என் ஆயா சாகும்வரை அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார்.

தோழர்களே, பழங்காலத்தில் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நான் கதை சொல்லவில்லை. கடவுள் இருக்கிறாரா என்ற விவாதத்துக்கும் வரவில்லை. வெட்டவெளியில் நின்றவரை அந்தக் கல் பொதுவாக இருந்தது. கூரை போட்ட அன்றே அதற்குச் சாதி வந்தது என்கிறேன்.

'போனால் போகட்டும், நமக்கென்று தனியாக ஒரு கோயில் கட்டிக்கொள்வோம்' என்று எங்கள் தெரு இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கூடாது. அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள். கோயில் நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையைக் குற்றம் என்கிறது. கேட்டைத் திறக்க வேண்டும். பெயிண்டை அகற்றித் தொல்லியல் துறை அந்த எழுத்தைப் படிக்க வேண்டும். கல்லில் இருப்பவன் யார் என்று ஊரே தெரிந்துகொள்ளட்டும்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஆயா கழுவிய கல்லை மீண்டும் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.