ராத்திரி முறை யாருக்கு?

டிமென்ஷியா வந்த பாட்டிக்குப் பகலைவிட ராத்திரிதான் கஷ்டம். பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும். ரெண்டு மணிக்கு எழுந்து "வீட்டுக்குப் போகணும்"னு கதவைத் திறப்பாங்க. துபாய், ஷார்ஜா ஃபிளாட்டுகளில் அப்போ கூடவே எழுவது பெரும்பாலும் மகன் இல்லை, வீட்டு வேலைக்கு வந்த அக்கா. விடிஞ்சா சமையலும் அவங்கதான்.

அமீரகத்தில் வீட்டுப் பணியாளர் சட்டம் இருக்கு: தினமும் 12 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி தொடர்ச்சியாக. இரவுக்கு வேறு ஆள் இல்லாத வீட்டில் அந்த 8 மணி எங்கிருந்து வரும்? கூப்பிட்டால் எழ வேண்டிய நேரத்தையும் வேலை நேரமாகக் கருதச் சொல்வது ஐ.எல்.ஓ.வின் 2011ஆம் ஆண்டு 189ஆவது உடன்படிக்கை. வளைகுடா அரசுகள் அதை ஏற்கவில்லை. இந்தியாவும் இலங்கையும்கூட ஏற்கவில்லை. இதை நாம அதிகம் பேசுறதில்லை.

அவங்க கையெழுத்துப் போடும்வரை காத்திருக்காம, நம்ம வீட்டு ராத்திரி முறையைப் பிள்ளைகள் பிரிச்சுக்கணும். மகள்கள் மட்டும் இல்ல, மகன்களும்.