நாம் வாசித்த கதையும் நாம் பார்த்த படமும்



ஒரு நாவல் திரைப்படமாக வந்தவுடன் நம்மிடையே எழுகின்ற பேச்சை நீங்கள் யாவரும் கேட்டிருப்பீர்கள். படமாளிகையின் வாயிலைக் கடக்கும்போதே அது தொடங்கிவிடும். "நாவலில் இருந்த சுவை படத்தில் இல்லை" என்பார் ஒருவர். "நான் நினைத்திருந்த நந்தினி இவளல்லள்" என்பார் மற்றொருவர். "நான் நாவலை வாசிக்கவில்லை, ஆனாற் படம் நன்றாகத்தான் இருந்தது" என்று மூன்றாமவர் சற்றே கூச்சத்துடன் சொல்லுவார். அவர் கூசுவதற்குக் காரணம் உண்டு. வாசித்தவர்கள் தம்மை உயர்ந்த படியிலும், படத்தை மாத்திரம் பார்த்தவரைத் தாழ்ந்த படியிலும் வைத்தே பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் நியாயமானதுதானா என்பதையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

இதற்குப் பொருத்தமான உதாரணம் 'பொன்னியின் செல்வன்' ஆகும். கல்கி அவர்கள் 1950 ஆம் ஆண்டு தொடக்கம் 1954 ஆம் ஆண்டு வரை தமது சஞ்சிகையில் வாரந்தோறும் எழுதிய இந்நாவல் ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்டது. மணிரத்தினம் அவர்களின் இயக்கத்தில் அதன் முதற்படம் 2022 செப்டெம்பர் மாதத்திலும், இரண்டாம் படம் 2023 ஏப்ரில் மாதத்திலும் வெளிவந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம் ஓடும். மூன்றரை ஆண்டுகள் வாரவாரம் காத்திருந்து வாசிக்கப்பட்ட ஒரு கதையை ஐந்தரை மணித்தியாலத்தில் அடக்குவதென்றால் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விட்டார்கள் என்பதிலேதான் வாசகர்களின் மனக்குறை பிறந்தது.

நாவலைத் திறந்தவுடன் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையோடு குதிரையிற் செல்லும் வந்தியத்தேவனையே நாம் காண்கின்றோம். படமோ முதலிற் போர்க்களத்தைக் காட்டிவிட்டே அவனைப் பயணம் அனுப்புகின்றது. நாவலின் ஈற்றில் முடி சூடுபவன் பூத்தொண்டு செய்து வாழ்ந்த சேந்தன் அமுதன். அவனே உண்மையான மதுராந்தகன் என்பது கல்கி வைத்திருந்த இரகசியம். அவனை மணந்த படகோட்டிப் பெண் பூங்குழலி அதனால் அரசியாகின்றாள். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. வந்தியத்தேவனைத் தன் உள்ளத்தில் வைத்துப் பூசித்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் உயிர்விடும் மணிமேகலைக்கோ படத்தில் இடமே இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணி நானும் வருந்தினேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில், சஞ்சிகைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதிகளிலே இந்த நாவலை வாசித்தேன். அன்று முதல் என் மனத்தில் ஒரு நந்தினி இருந்தாள், ஒரு குந்தவை இருந்தாள். திரையில் வந்தவர்கள் திறமையுள்ள நடிகைகளே என்றாலும், என் நந்தினியின் இடத்தில் வேறொருத்தி வந்து அமர்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

பின்னர் ஒரு நாள் ஆறுதலாக இருந்து யோசித்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. என் நந்தினி என்று நான் சொல்லிக்கொண்டேனே, அவளுடைய கொண்டையும் கண்ணும் எங்கிருந்து வந்தன? அவை ஓவியர் மணியம் அவர்களின் தூரிகையிலிருந்து வந்தவை. கல்கியின் எழுத்தோடு வாரந்தோறும் வெளிவந்த அவருடைய சித்திரங்களே அந்தத் தலைமுறை வாசகர்களுக்கும், அத்தொகுதிகளைப் பிற்காலத்திற் புரட்டிய என்போன்றோருக்கும் அப்பாத்திரங்களின் முகங்களைத் தந்தன. ஆகவே சொந்தக் கற்பனை என்று நான் பெருமை பேசியது முற்றிலும் என் சொந்தமன்று. ஏற்கனவே ஒருவர் வரைந்து தந்த முகத்தை வைத்துக்கொண்டு, இன்னொருவர் காட்டிய முகத்தோடு வழக்காடியிருக்கின்றேன்.

இதற்கு முந்திய ஒரு வரலாறும் உண்டு. 1939 ஆம் ஆண்டில் கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனிலே தொடர்கதையாக வந்தபோது, கே. சுப்பிரமணியம் அவர்கள் அதே கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார். சஞ்சிகையில் கதையோடு அச்சானவை ஓவியரின் சித்திரங்களல்ல, படத்தின் காட்சிகளே. சாவித்திரி எப்படி இருப்பாள் என்று வாசகர் கற்பனை செய்யுமுன்பே எஸ். டி. சுப்புலட்சுமி அவர்களின் முகம் பக்கத்தில் இருந்தது. சம்பு சாஸ்திரியார் பாபநாசம் சிவன் அவர்களின் தோற்றத்திலேயே வந்து நின்றார். வாசித்தலும் பார்த்தலும் அன்றே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வாசகன் வேறு, பார்வையாளன் வேறு என்று நாம் இடும் கோடு அவ்வளவு உறுதியானதன்று.

அப்படியானால் ஒரு நாவலில் நமக்கே சொந்தமானது எது? முகங்களல்ல. அக்கதையில் எந்த இடத்தில் நம் நெஞ்சு தங்கிற்று என்பதே நமக்குச் சொந்தமானது. அது ஒருவருக்கு ஏரிக்கரையாக இருக்கலாம், வேறொருவருக்கு மணிமேகலையின் மரணமாக இருக்கலாம். அவரவர் வாழ்க்கையிலிருந்து எதைக் கொண்டுபோய் அக்கதையில் வைத்தார்களோ அதைப் பொறுத்தது அது. இதை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. அவளுக்கு நான் செய்த பிழையையும் இங்கே மறைக்காமற் சொல்லவேண்டும்.

முதற்படம் வந்து சில வாரங்களின் பின், பாடசாலைத் தமிழ் மன்றத்தில் 'நான் சுவைத்த கதை' என்ற தலைப்பில் மாணவர்கள் பேசினார்கள். கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, பொன்னியின் செல்வனிற் பூங்குழலி இரவிலே தனியாகப் படகு செலுத்தி வரும் காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவள் படத்தைத்தான் பார்த்திருக்கின்றாள் என்பது இரண்டு வாக்கியங்களிலேயே தெரிந்துவிட்டது. நான் இடைமறித்து, "பிள்ளை, முதலில் நூலை வாசித்துவிட்டு வந்து பேசும்" என்றேன். சபையிற் சிலர் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

நான் அதை மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு நாள் என் அறைக்கு வந்து, ஐந்து பாகங்களையும் வாசித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். மகிழ்ந்து போய், "எது உமக்குப் பிடித்தது?" என்று கேட்டேன். "மணிமேகலை, சேர். கடைசிவரைக்கும் அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. கதையிலும் கவனிக்கவில்லை, படத்தில் ஆளையே விட்டுவிட்டார்கள்" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "அன்றைக்கு நான் பூங்குழலியைப் பற்றிச் சொல்ல வந்தது பிழையா, சேர்?" என்று கேட்டாள்.

"என்ன சொல்ல வந்தீர்?" என்றேன்.

அவளுடைய தகப்பனார் இரவிலே கடலுக்குப் போகின்றவர். கோடிக்கரைக்கும் நமது கரைக்கும் இடையிலுள்ள அந்தக் கடலிலேதான் அவருடைய தொழில். அவர் திரும்பும்வரை தாயும் தானும் விழித்திருப்பார்கள் என்றாள். திரையில் ஒரு பெண் அந்தக் கடலிலே அச்சமின்றிப் படகு விடுவதைக் கண்டபோது, கரையில் இருந்து காத்திருப்பது மாத்திரந்தான் பெண்ணுக்கு விதித்ததா என்று தனக்குள்ளே ஒரு கேள்வி எழுந்ததாம். அதையே அன்று சபையிற் சொல்ல எழுந்திருக்கின்றாள்.

நேயர்களே, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கின்றேன். பூங்குழலியைப் பற்றி இப்படியொரு கேள்வியை எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை. என்னுடைய கண்டிப்பு அதை ஓராண்டு காலம் வாய்திறக்க விடாமற் செய்துவிட்டது. அது பிழையல்ல என்று அவளுக்குச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். நூலை வாசித்த பின் அவள் இன்னும் கூடுதலாகக் கண்டாள் என்பது உண்மை. ஆனால் படத்திலிருந்து அவள் பெற்றுக்கொண்டதும் உண்மையே. அந்த முதல் உண்மைதான் அவளை 293 அத்தியாயங்களுக்குள்ளும் கைபிடித்து அழைத்துச் சென்றது.

இனி, நாவலும் படமும் நம்மிடம் எதிர்பார்க்கும் உழைப்பும் வேறு வேறானது. மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்கள் 1944 இல் எழுதிய 'கம்பெரலிய' என்ற சிங்கள நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்கள் 1963 இற் படமாக்கினார். அப்படம் 1965 இற் புதுடில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருதைப் பெற்றது. குடும்பக் கௌரவத்துக்கும் பியல் என்ற இளைஞன்மீது கொண்ட அன்புக்கும் இடையே நந்தாவின் மனம் படும் பாட்டை நாவலாசிரியர் சொற்களால் விளக்கமுடியும். திரையிலோ புண்யா ஹீந்தெனிய அவர்களின் முகத்தைப் பார்த்து நாமேதான் அதை உணர்ந்துகொள்ளவேண்டும். நாவல் உள்ளத்தைச் சொல்ல நாம் முகத்தைக் கற்பிக்கின்றோம். படம் முகத்தைக் காட்ட நாம் உள்ளத்தைக் கற்பிக்கின்றோம். இரண்டிலும் நம் பங்கு ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. படம் பார்ப்பவர் சோம்பி இருப்பவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

வாசகரின் சொந்த உணர்ச்சி எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு ஜெயகாந்தன் அவர்களின் படைப்பொன்று சான்றாக நிற்கின்றது. 1966 இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை அவர் எழுதினார். மழை நாளில் அந்நியன் ஒருவனாற் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளைத் தாய் தலையில் நீர் வார்த்துத் தூயவளாக ஏற்றுக்கொள்ளுகின்றாள். இம்முடிவை வாசகர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்; பலர் ஆதரித்தார்கள். அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கூக்குரலிட்டிருந்தால் அப்பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவல் பிறந்தது. அந்நாவலின் நாயகியான கங்காவே ஒரு சஞ்சிகையில் 'அக்கினிப் பிரவேசம்' கதையை வாசித்து, அது தன் கதை என்று திடுக்கிடுகின்றாள். வாசகரின் கோபத்துக்கு விடையாகத் தோன்றிய நாவலுக்குள்ளேயே ஒரு வாசகி வந்து அமர்ந்திருக்கின்றாள்! அதற்கு 1972 ஆம் ஆண்டின் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது. ஜெயகாந்தனே திரைக்கதை எழுத, ஏ. பீம்சிங் அவர்களின் இயக்கத்தில் 1977 இல் அது படமாக வந்தது. கங்காவாக நடித்த லட்சுமி அவர்கள் சிறந்த நடிகைக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றார். ஒரு சிறுகதை நாவலாகி, நாவல் படமாகிய இந்த நீண்ட வழியிலே முதல் அடியை எடுத்துவைத்தவர்கள் யார்? தாம் உணர்ந்ததை ஒளிக்காமல் எடுத்துச் சொன்ன சாதாரண வாசகர்களே.

ஆகையால், என் சக ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு பிள்ளை தான் பார்த்த படத்தைப் பற்றிப் பேசவந்தால், "நூலை வாசித்தாயா?" என்று முதலிற் கேளாதீர்கள். "உன்னை அதில் எது தொட்டது?" என்று கேளுங்கள். அதற்குப் பின் நூலை அதன் கையிற் கொடுங்கள். பரீட்சைக்காகப் பிறர் எழுதிவைத்த பாத்திர விமரிசனத்தை மனனஞ் செய்யும் பிள்ளையைவிட, தன் தகப்பனின் படகை எண்ணிக்கொண்டு பூங்குழலியைப் பார்த்த பிள்ளையே இலக்கியத்துக்கு அண்மையில் நிற்கின்றது.

நேயர்களாகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் விரும்பிய ஒரு நாவல் படமாக வந்து உங்கள் மனம் நொந்தால், "கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லி அத்துடன் விட்டுவிடாதீர்கள். திரையில் எது இல்லையென்று உங்களுக்கு நொந்ததோ, அதையே சற்று உற்றுப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக அக்கதையிலே நீங்கள் எதைப் பற்றிக்கொண்டிருந்தீர்கள் என்பது அப்போது தெரியவரும்.

பொன்னியின் செல்வனிலேயே ஓர் இடம் நினைவுக்கு வருகின்றது. நமது அநுராதபுரத்தில் ஒரு பழைய மாளிகையின் சுவரிலே, வாய் பேசாத ஊமை ராணி தன் வாழ்க்கையைச் சித்திரங்களாகத் தீட்டி வைத்திருக்கின்றாள். சொல்ல இயலாததை அவள் வரைந்து காட்டினாள். அவள் வரைந்ததைக் கல்கி நமக்குச் சொற்களிலே தந்தார். அச்சொற்களை இன்னொருவர் மீண்டும் காட்சியாக்கினார். சொல்லும் சித்திரமும் இவ்வாறு கைமாறிக்கொண்டேயிருக்கும். பார்ப்பவரும் வாசிப்பவரும் தத்தம் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தால், எந்த வழியாக வந்தாலும் கதை நம்மை வந்தடையும்.