வேகமா, உண்மையா?

இன்றைய கணினியைப் பழைய கணினி ஒன்றைப் போலவே இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். 1982இல் வெளிவந்த காமடோர் 64 கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் மூளைச் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் முறை துடித்தது.

அதற்கென 'வைஸ்' என்னும் இலவச மென்பொருளில் இரு வடிவங்கள் உருவாயின. 'எக்ஸ்64' விரைவானது. 'எக்ஸ்64எஸ்சி' ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்றுவது. ஆகவே கணினிக்கு வேலை அதிகம்.

இவற்றை எப்படி ஒப்பிடுவது? ஒரே கணினியில், ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டுவோம். வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுச் சதவீதத்தைப் பார்ப்போம். 100 என்றால் பழைய கணினியின் வேகம். முன்னது பெரிய எண்ணைக் காட்டும். அதனால் அதுவே சிறந்ததா? இல்லை. திரையின் ஓரத்திலும் படம் வரைந்த பழைய நிரல்கள் உண்டு. அவற்றின் கட்டளை குறித்த துடிப்பில் சேராவிட்டால் படம் சிதறும். மரத்தை விரைவாகச் சீவிப் பட்டையைக் காயப்படுத்துபவரை நாம் நல்ல தொழிலாளி என்போமா?

பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. அவற்றுக்காக எழுதப்பட்டவை அழியாதிருக்க, உண்மை பிசகாத வடிவமே துணை. அது 100ஐத் தாண்டினால் நம் வீட்டுக் கணினியே போதும். புதிதுக்குப் பணம் கொட்ட வேண்டாம். எட்டாமல் ஒலி விட்டுவிட்டு வந்தால் மட்டும் விரைவானதைக் கொள்வோம்.